கூட்டல் வோல்ட், கழித்தல் வோல்ட்

உங்கள் வீட்டில் டார்ச் லைட் இருக்கிறதா? அதில் போடும் பேட்டரிக் கட்டை ஒன்றைக் கையில் எடுங்கள். அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு பக்கம் கூட்டல் குறி (+) இருக்கும். மறு பக்கம் கழித்தல் குறி (−) இருக்கும். நடுவில் 1.5 என்ற எண்ணும் இருக்கும்.

இந்த இரண்டு குறிகளும் எதைச் சொல்கின்றன? 1.5 என்பது எதன் அளவு? இதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். டார்ச் லைட்டில் தொடங்கி நிலவு வரை போய் வருவோம். நடுவில் ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் போவோம். எல்லா இடத்திலும் இதே இரண்டு குறிகள்தான் வரும்.

வோல்ட் என்றால் என்ன?

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கீழே குழாய் இருக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாகக் கொட்டுகிறது. ஏன்? தொட்டி உயரத்தில் இருக்கிறது. குழாய் தாழ்வில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. தொட்டியும் குழாயும் ஒரே மட்டத்தில் இருந்தால் தண்ணீர் ஓடாது.

மின்சாரமும் இப்படித்தான். இரண்டு முனைகளுக்கு இடையே மின் மட்டத்தில் வித்தியாசம் இருந்தால் மின்சாரம் ஓடும். இந்த வித்தியாசத்தை மின்னழுத்தம் என்கிறோம். அதை அளக்கும் அலகு வோல்ட். இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டினார். அவர் பெயரால்தான் வோல்ட் என்ற சொல் வந்தது.

பேட்டரிக் கட்டையில் 1.5 வோல்ட் என்று போட்டிருந்தால், கூட்டல் முனை கழித்தல் முனையைவிட 1.5 வோல்ட் உயரத்தில் இருக்கிறது என்று பொருள். நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அது உயிரைக் குடிக்கும். இந்தப் பாடத்தில் வரும் சோதனைகளை டார்ச் கட்டையில் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டுப் பிளக்கில் செய்யவே கூடாது.

சுழி எங்கே இருக்கிறது?

இப்போது ஒரு கேள்வி. கழித்தல் முனை என்றால் அங்கே மின்சாரம் இல்லை என்று பொருளா? அது 'ஒன்றும் இல்லாத' இடமா?

இல்லை. இதைப் புரிந்துகொள்ளக் கேரளத்தின் நிலத்தைப் பார்ப்போம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் அகத்தியர் மலை இருக்கிறது. அதன் உயரம் 1868 மீட்டர். எங்கிருந்து 1868 மீட்டர்? கடல் மட்டத்திலிருந்து. கடல் மட்டத்தை நாம் சுழி என்று வைத்துக்கொள்கிறோம். அங்கிருந்து மேலே அளக்கிறோம். ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளிலும் இந்த அளவு எழுதியிருக்கும். அடுத்த முறை ரயில் ஏறும்போது படித்துப் பாருங்கள்.

வடக்கே ஆலப்புழைப் பக்கம் போனால் குட்டநாடு வருகிறது. அங்கே நெல் வயல்கள் கடல் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கின்றன. சில இடங்களில் 2 மீட்டர் அளவுக்குத் தாழ்வு. வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து, அங்கே விவசாயம் செய்கிறார்கள். உலக உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் இந்த விவசாய முறையைப் பாராட்டி அங்கீகாரம் கொடுத்தது.

அகத்தியர் மலையின் உயரத்தை +1868 மீட்டர் என்று எழுதலாம். குட்டநாட்டின் தாழ்ந்த வயலை −2 மீட்டர் என்று எழுதலாம். −2 என்றால் அங்கே நிலமே இல்லை என்று பொருளா? நிலம் இருக்கிறது. நெல் விளைகிறது. மக்கள் வாழ்கிறார்கள். அது சுழிக்குக் கீழே இருக்கிறது, அவ்வளவுதான்.

மின்சாரத்திலும் அதே கதைதான். முதலில் ஓர் இடத்தைச் சுழி என்று வைக்க வேண்டும். அதைவிட உயர்ந்தது கூட்டல் வோல்ட். அதைவிடத் தாழ்ந்தது கழித்தல் வோல்ட். சுழி தானாக வருவதில்லை. நாம்தான் அதை வைக்கிறோம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: இரண்டு புதிய பேட்டரிக் கட்டைகள், ஒரு மல்டிமீட்டர். மல்டிமீட்டர் என்பது வோல்ட் அளக்கும் சிறு கருவி. ரேடியோ பழுது பார்ப்பவரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் இருக்கும். அவர் உதவியுடன் செய்யுங்கள். கருவியின் திருகை டி.சி. வோல்ட் பக்கம் 20 என்ற இடத்தில் வையுங்கள். அதில் இரண்டு கம்பிகள் இருக்கும். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. கறுப்புக் கம்பி தொடும் இடம்தான் சுழி.

1. இரண்டு கட்டைகளையும் டார்ச்சில் போடுவது போல ஒரே வரிசையில் வையுங்கள். முதல் கட்டையின் கழித்தல் முனை, இரண்டாம் கட்டையின் கூட்டல் முனையைத் தொட வேண்டும்.

2. கறுப்புக் கம்பியை வரிசையின் கழித்தல் கடைசியில் வையுங்கள். சிவப்புக் கம்பியைக் கூட்டல் கடைசியில் வையுங்கள். சுமார் 3 வோல்ட் காட்டும்.

3. இப்போது கறுப்புக் கம்பியை இரண்டு கட்டைகளும் சேரும் நடு இடத்தில் வையுங்கள். சிவப்புக் கம்பியைக் கூட்டல் கடைசியில் வையுங்கள். சுமார் +1.5 வோல்ட் காட்டும்.

4. கறுப்புக் கம்பியை எடுக்காதீர்கள். அது நடுவிலேயே இருக்கட்டும். சிவப்புக் கம்பியை மட்டும் கழித்தல் கடைசிக்குக் கொண்டு போங்கள். இப்போது −1.5 வோல்ட் காட்டும்.

என்ன நடந்தது? கட்டைகள் மாறவில்லை. சுழியை மட்டும் நடுவுக்குக் கொண்டு வந்தோம். அதனால் ஒரே வரிசையில் கூட்டல் வோல்ட்டும் கிடைத்தது, கழித்தல் வோல்ட்டும் கிடைத்தது.

எச்சரிக்கை: வரிசையின் இரண்டு கடைசிகளையும் ஒரு வெறுங்கம்பியால் இணைக்காதீர்கள். கம்பி சூடாகும். கட்டை கெட்டுப் போகும்.

துல்லியம் என்றால் என்ன?

இப்போது ஒரு கட்டையை எடுத்துவிட்டு, பழைய கட்டை ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். மறுபடியும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் +1.5 இருக்கும். மறு பக்கம் −1.2 அல்லது −1.3 தான் இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக இல்லை.

டார்ச் லைட்டுக்கு இது பெரிய குறை அல்ல. வெளிச்சம் கொஞ்சம் மங்கும். ஆனால் அளக்கும் கருவிக்கு இது பெரிய குறை. துணி அளக்கும் மீட்டர் கோல் ஒரு நாள் நீண்டு, ஒரு நாள் குறுகினால் துணிக்கடை நடக்குமா? அதுபோல, அளக்கும் கருவிக்குள் இருக்கும் வோல்ட் நாளுக்கு நாள் மாறக் கூடாது. வெயிலில் கூடக் கூடாது. குளிரில் குறையக் கூடாது. சொன்ன அளவில் அசையாமல் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட வோல்ட்டைத் தரும் கருவியைத் துல்லிய மின்னழுத்த மூலம் என்கிறார்கள்.

எல்லாக் கோல்களுக்கும் ஒரு தாய்க்கோல் வேண்டும் அல்லவா? வோல்ட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு. 1962-இல் பிரிட்டனைச் சேர்ந்த பிரயன் ஜோசப்சன் என்ற இளம் அறிஞர் ஒரு விதியைக் கணக்குப் போட்டுக் கண்டார். மிகக் குளிர்ந்த நிலையில், இரண்டு உலோகங்களுக்கு இடையே மெல்லிய தடுப்பை வைத்து, அதன் மேல் வானொலி அலை போன்ற ஓர் அலையைச் செலுத்தினால், மாறாத ஒரு வோல்ட் கிடைக்கும் என்றார். அதற்காக அவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1990 முதல் உலக நாடுகள் இந்த முறையால்தான் வோல்ட்டைக் காத்து வருகின்றன. நம் நாட்டில் புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இந்தப் பணியைச் செய்கிறது.

ஒரே மூலத்தில் இரண்டு பக்கம்

ஒரு துல்லிய மூலம் கூட்டலும் தர வேண்டும், கழித்தலும் தர வேண்டும். இதை எப்படி அமைப்பார்கள்? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி: கம்பியை மாற்றிப் போடுவது. மூலம் 5 வோல்ட் தருகிறது. அதன் கழித்தல் முனையைச் சுழியோடு சேர்த்தால் மறு முனையில் +5 வோல்ட். கூட்டல் முனையைச் சுழியோடு சேர்த்தால் மறு முனையில் −5 வோல்ட். இது எளிய வழி. ஆனால் ஒரே நேரத்தில் ஒரு பக்கம்தான் கிடைக்கும். மூலத்தின் ஒரு முனை ஏற்கெனவே பூமியோடு இணைக்கப்பட்டிருந்தால் இப்படி மாற்றவும் முடியாது. மாற்றினால் மூலத்தின் இரண்டு முனைகளும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும்.

இரண்டாம் வழி: புரட்டிக் கொடுக்கும் சுற்று. இந்த மின்னணுச் சுற்றுக்குள் +5 வோல்ட் போனால் −5 வோல்ட் வெளியே வரும். கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தெரிவது போல. இந்தச் சுற்றில் சம அளவுள்ள இரண்டு மின்தடைகள் இருக்கும். தராசின் இரண்டு கைகள் போல அவை சமமாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைவிட நூற்றில் ஒரு பங்கு கூடினால், 5 வோல்ட்டுக்குப் பதிலாகச் சுமார் 5.05 அல்லது 4.95 வோல்ட் வெளியே வரும். ஆகவே துல்லியமான சுற்றுக்கு மிக மிகச் சமமான மின்தடைகளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

மூன்றாம் வழி: சுழியை நகர்த்துவது. 24 படி உள்ள ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எண்ணினால் 0 முதல் 24 வரை வரும். நடுவில் உள்ள 12-ஆம் படியைச் சுழி என்று வைத்துப் பாருங்கள். மேலே +12 வரை போகும். கீழே −12 வரை போகும். ஏணி மாறவில்லை. எண்ணும் முறைதான் மாறியது. நாம் இரண்டு கட்டைகளை வைத்துச் செய்ததும் இதுதான்.

தும்பாவிலிருந்து தொடங்கியது

−12 முதல் +12 வரை என்று சும்மா சொல்லவில்லை. இந்த அளவு நிலவுக்குப் போன ஒரு கருவியின் அளவு. அந்தக் கருவி உருவான ஊர் திருவனந்தபுரம்.

திருவனந்தபுரத்துக்கு அருகே கடற்கரையில் தும்பா இருக்கிறது. அன்று அது தென்னை மரங்கள் நிறைந்த மீனவர் ஊர். பூமியின் காந்த நடுக்கோடு இந்த ஊருக்கு அருகே சென்றது. அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், வானத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதை அருகில் போய் ஆராய ராக்கெட் வேண்டும். பலூன் அவ்வளவு உயரம் போகாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்ற முடியாது. அதனால் விஞ்ஞானி விக்ரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்.

அங்கே புனித மரிய மதலேனாள் தேவாலயம் இருந்தது. மக்களின் ஒப்புதலோடு அந்தக் கோவிலும் சுற்றியுள்ள நிலமும் ராக்கெட் பணிக்குக் கிடைத்தன. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும் அந்தக் குழுவில் வேலை செய்தார். அந்தத் தேவாலயக் கட்டடம் பின்னர் விண்வெளி அருங்காட்சியகம் ஆனது.

உயர வானத்தில் என்ன இருக்கிறது? சூரிய ஒளி அங்குள்ள அணுக்களைத் தாக்குகிறது. அணுவிலிருந்து எலக்ட்ரான் என்னும் சிறு துகள் பிய்ந்து வருகிறது. எலக்ட்ரானுக்குக் கழித்தல் மின்சாரம். எலக்ட்ரானை இழந்த அணுவுக்கு அயனி என்று பெயர். அதற்குக் கூட்டல் மின்சாரம். இப்படி இரண்டு வகைத் துகள்களும் கலந்து மிதக்கும் நிலைக்குப் பிளாஸ்மா என்று பெயர்.

இந்தத் துகள்களை எப்படி எண்ணுவது? அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர் 1920-களில் ஒரு வழி கண்டார். ஓர் உலோகத் துண்டைப் பிளாஸ்மாவுக்குள் நீட்டினார். அதற்கு வோல்ட் கொடுத்தார்.

எதிர் மின்சாரங்கள் ஒன்றை ஒன்று இழுக்கும். ஒரே வகை மின்சாரங்கள் ஒன்றை ஒன்று தள்ளும். ஆகவே உலோகத்துக்குக் கூட்டல் வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரான்கள் ஓடி வரும். கழித்தல் வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரான்கள் விலகும், அயனிகள் வரும். வரும் துகள்களால் கம்பியில் மின்சாரம் ஓடும். அதை அளந்தால் துகள்கள் எத்தனை என்று கணக்கிடலாம்.

இதற்குத்தான் கூட்டலும் கழித்தலும் தரும் மூலம் தேவை. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பாதிக் கதைதான் தெரியும். தும்பாவிலிருந்து போன பல ராக்கெட்டுகளில் இந்த லாங்மியூர் கருவியை வைத்து அனுப்பினார்கள். அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் இந்தப் பணியில் முன்னின்றார்கள்.

நிலவில் 240 படிகள்

2023-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் சந்திரயான்-3 விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். ஆகஸ்ட் 23-ஆம் நாள் மாலை விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவின் தென் பகுதியில் மெல்ல இறங்கியது.

அதில் 'ரம்பா' என்ற லாங்மியூர் கருவி இருந்தது. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் தலைமையில் அது உருவானது. கருவியின் தலைப்பகுதி ஓர் உலோகப் பந்து. அதன் அளவு 5 சென்டிமீட்டர். எலுமிச்சம்பழம் அளவு என்று சொல்லலாம். 1 மீட்டர் நீளமுள்ள ஒரு கையின் முனையில் அது இருந்தது. கலத்தின் உடம்பு அளவைக் கெடுக்காமல் இருக்க, அதைத் தள்ளி வைத்தார்கள்.

அந்தப் பந்துக்கு −12 வோல்ட்டிலிருந்து +12 வோல்ட் வரை கொடுத்தார்கள். ஒரே தாவலாக அல்ல. படிப்படியாக. ஒவ்வொரு படியும் 0.1 வோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. கணக்குப் பாருங்கள். −12 முதல் +12 வரை இடைவெளி 24 வோல்ட். ஒரு வோல்ட்டுக்கு 10 படி. ஆக 240 படிகள்.

ஏன் இவ்வளவு சிறிய படி? வோல்ட் மெல்ல ஏறும்போது முதலில் வேகமான எலக்ட்ரான்கள் மட்டும் வரும். பிறகு மற்றவை வரும். ஒரு குறுகிய இடைவெளிக்குள் மின்சாரம் சட்டென்று கூடும். எவ்வளவு சட்டென்று கூடுகிறது என்பதிலிருந்து எலக்ட்ரான்களின் ஆற்றல் தெரியும். படி பெரிதாக இருந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம்.

வரும் மின்சாரமோ மிக மிகச் சிறியது. பிக்கோ ஆம்பியர் அளவு வரை அந்தக் கருவி அளந்தது. ஓர் ஆம்பியரை ஒரு இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோ ஆம்பியர். இவ்வளவு சிறிய விடையை நம்ப வேண்டுமானால், கொடுக்கும் வோல்ட் சொன்னபடி இருக்க வேண்டும்.

கிடைத்த விடை என்ன? 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நிலவின் தரைக்கு அருகே அந்த அளவு இடத்தில் 50 இலட்சம் முதல் 3 கோடி வரை எலக்ட்ரான்கள் இருந்தன. இது நிலவில் பகல் தொடங்கிய காலத்தில் அளந்தது. கோடி என்றவுடன் அதிகம் என்று தோன்றும். நம் ஊர்க் காற்றில் அதே பெட்டி அளவில் இருக்கும் துகள்களை எழுத 2 போட்டு அதன்பின் 25 சுழி போட வேண்டும். அதோடு ஒப்பிட்டால் நிலவில் இருப்பது மிகச் சொற்பம். இப்படிப்பட்ட அளவுகள், நிலவில் வானொலித் தொடர்பைச் சரியாக அமைக்க உதவும்.

மூலத்தைச் சரி பார்ப்பது எப்படி?

எந்தக் கருவியானாலும் வேலைக்கு விடும் முன் சரி பார்க்க வேண்டும். துல்லிய மூலத்தை மூன்று இடங்களிலாவது பார்ப்பார்கள்: நடுவில் சுழி, ஒரு கூட்டல் அளவு, ஒரு கழித்தல் அளவு. நம்பத் தகுந்த மீட்டரால் அளந்து எழுதுவார்கள்.

ஒரு மூலத்தில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

+10 கேட்டால் +10.02 வருகிறது.
0 கேட்டால் +0.02 வருகிறது.
−10 கேட்டால் −9.98 வருகிறது.

எல்லா இடத்திலும் 0.02 வோல்ட் மேலே நகர்ந்திருக்கிறது. இதைச் சுழிப் பிழை என்கிறார்கள். சுழியைச் சரியான இடத்துக்குக் கொண்டு வந்தால் எல்லாம் சரியாகும்.

இன்னொரு மூலத்தில் இப்படி வந்தது:

+10 கேட்டால் +10.05 வருகிறது.
0 கேட்டால் 0 வருகிறது.
−10 கேட்டால் −10.05 வருகிறது.

இங்கே சுழி சரி. ஆனால் அளவு கூடக் கூடப் பிழையும் கூடுகிறது. இதை அளவுப் பிழை என்கிறார்கள். கோலே நீண்டுவிட்டது போல இது.

சரி செய்யும்போது முதலில் சுழி, பிறகு அளவு. இந்த வரிசை முக்கியம். சுழி தப்பாக இருந்தால் அளவுப் பிழை எவ்வளவு என்று ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் மூலத்தில் +10 பக்கம் மட்டும் பார்த்திருந்தால் கோல் நீளம் என்று நினைத்திருப்போம். −10 பக்கத்தையும் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது.

கடைத்தெருவில் இதே பாடம்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவானாலும் உங்கள் ஊர்ச் சந்தையானாலும் இப்போது எலக்ட்ரானிக் தராசுகள் வந்துவிட்டன. அதன் தட்டுக்கு அடியில் ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. எடை வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை மிகச் சிறிய வோல்ட்டாக மாற்றி, எண்ணாகக் காட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் வோல்ட் சரியாக இருந்தால்தான் எடையும் சரியாக இருக்கும்.

காலிப் பாத்திரத்தைத் தட்டில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எண் 0 ஆகும். பாத்திரத்தை எடுத்துவிட்டால் −0.200 என்பது போலக் காட்டும். பாத்திரத்தின் எடை 200 கிராம் என்று பொருள். இங்கும் சுழியை நாம்தான் நகர்த்தினோம்.

பொருள் வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். தட்டில் எதுவும் இல்லாதபோது எண் 0 காட்டுகிறதா? அது சுழிப் பிழைக்குச் சோதனை. தராசில் இந்த ஆண்டின் அரசு முத்திரை இருக்கிறதா? அது அளவுப் பிழைக்குச் சோதனை. எலக்ட்ரானிக் தராசுகளை ஆண்டுக்கு ஒரு முறை சரி பார்த்து எடையளவுத் துறை முத்திரை இட வேண்டும். சந்தேகம் இருந்தால் கேட்பது உங்கள் உரிமை.

ஆஸ்பத்திரியில் இதே பாடம்

நெஞ்சு வலி என்று போனால் இ.சி.ஜி. எடுக்கிறார்கள். நம் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சிறு மின்சாரத்தை உண்டாக்குகிறது. தோலின் மேல் அதன் அளவு சுமார் 1 மில்லி வோல்ட். அதாவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு டார்ச் கட்டையின் வோல்ட் அதைப் போல 1500 மடங்கு.

இ.சி.ஜி. தாளில் கோடு மேலே போகிறது, கீழே வருகிறது. நடுக்கோடு சுழி. மேலே போவது கூட்டல். கீழே வருவது கழித்தல். டாக்டர் இரண்டையும் பார்க்கிறார். கோடு எங்கே எத்தனை மில்லிமீட்டர் ஏறியது, எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று கவனிக்கிறார். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினால் நோயின் பொருளே மாறக் கூடும்.

ஆகவே இந்தக் கருவிக்குள்ளும் ஒரு துல்லிய வோல்ட் இருக்கிறது. தாளின் ஓரத்தில் ஒரு சதுர மேடு போன்ற கோடு இருப்பதைப் பார்க்கலாம். கருவி தனக்குத் தானே 1 மில்லி வோல்ட் கொடுத்துப் பார்த்த அடையாளம் அது. வழக்கமான அமைப்பில் அதன் உயரம் 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தாளில் உள்ள சிறு கட்டங்களில் பத்துக் கட்டம். சில நேரம் தேவைக்காகப் பாதி அளவில் எடுப்பார்கள். அப்போது 5 கட்டம் வரும். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மற்ற கோடுகளை அளப்பார்.

நெஞ்சு வலி வந்தால் கட்டங்களை எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எடுத்த இ.சி.ஜி. தாள்களைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை போகும்போது எடுத்துச் செல்லுங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டு தாளிலும் அந்தச் சதுர மேடு ஒரே அளவில் இருந்தால் நேராக ஒப்பிடலாம். ஒரு சிறு மேடு இரண்டு ஆண்டுகளையும் இரண்டு ஆஸ்பத்திரிகளையும் இணைத்துவிடுகிறது.

நினைவில் கொள்ளுங்கள்

வோல்ட் என்பது இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்.
சுழியை நாம்தான் வைக்கிறோம்.
சுழிக்கு மேலே கூட்டல், கீழே கழித்தல். இரண்டும் உண்மையான வோல்ட்தான்.
சரி பார்க்கும்போது முதலில் சுழி, பிறகு அளவு.
கூட்டல் பக்கத்தையும் கழித்தல் பக்கத்தையும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

புதிய சொற்கள்

மின்னழுத்தம் – இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள மின் மட்ட வித்தியாசம்
துல்லியம் – பிழை மிகக் குறைவாக இருக்கும் நிலை
மின்தடை – மின்சாரத்தின் ஓட்டத்தைக் குறைக்கும் உறுப்பு
எலக்ட்ரான் – கழித்தல் மின்சாரம் உள்ள சிறு துகள்
அயனி – எலக்ட்ரானை இழந்து கூட்டல் மின்சாரம் பெற்ற அணு

கணக்குப் போடுங்கள்

1. நடுவில் சுழி வைத்து அளந்தபோது ஒரு பக்கம் +1.5 வோல்ட், மறு பக்கம் −1.3 வோல்ட். ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை எத்தனை வோல்ட்?
2. ஒரு மூலம் −5 முதல் +5 வரை 0.1 வோல்ட் படிகளில் ஏறுகிறது. மொத்தம் எத்தனை படிகள்?
3. ஒரு மூலத்தில் +10 கேட்டால் +9.97, சுழி கேட்டால் −0.03, −10 கேட்டால் −10.03 வருகிறது. இது சுழிப் பிழையா, அளவுப் பிழையா?
4. இ.சி.ஜி. தாளில் 1 மில்லி வோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர். கோடு 15 மில்லிமீட்டர் ஏறினால் எத்தனை மில்லி வோல்ட்?

விடைகள்: 1) 2.8 வோல்ட். 2) 100 படிகள். 3) சுழிப் பிழை. 4) 1.5 மில்லி வோல்ட்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊர் ரேஷன் கடையிலும் மீன் சந்தையிலும் உள்ள தராசுகளில் முத்திரை இருக்கிறதா? எந்த ஆண்டு முத்திரை? நான்கு பேர் சேர்ந்து போய்ப் பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி, அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.